வேரும் சக்கரமும்: அமெரிக்க மாநிலப் பூங்காக்களில் முகாம் மனையின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடை விடுமுறைக்குப் பல மாதங்கள் முன்பே, சக்கர வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் எந்த மாநிலப் பூங்காவில் எந்த இடத்தைப் பதிவு செய்வது என்று ஆராயத் தொடங்கிவிடுகின்றன. இடத்தின் நீளம் எத்தனை அடி, வண்டியைப் பின்னோக்கித்தான் நுழைக்க வேண்டுமா அல்லது ஒரு புறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வழியுண்டா, மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, கழிவுநீரைக் கொட்டும் நிலையம் எங்கே, மரநிழல் போதுமா, குழந்தைகள் அச்சமின்றி மிதிவண்டி ஓட்டும்படி பாதை ஒருவழிப் பாதையாக இருக்கிறதா என்று அவர்கள் எழுப்பும் கேள்விகள் வெறும் வசதி பற்றியவை போலத் தோன்றினாலும், அவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. அந்த இடங்களின் வடிவமே மரத்தின் வேருக்கும் வண்டியின் சக்கரத்துக்கும் இடையே நெடுங்காலம் நடந்த பேரத்தின் விளைவு என்பதை அவ்வரலாற்றைத் தொடர்ந்து செல்வோர் காணலாம்.

சில சொற்களை முதலில் விளக்கிக்கொள்வது நல்லது. மாநிலப் பூங்கா என்பது நடுவண் அரசு நடத்தும் தேசியப் பூங்காவிலிருந்து வேறானது. அந்தந்த மாநிலம் நிலத்துக்கு உரிமை பெற்று, தன் சட்டமன்றம் ஒதுக்கும் நிதியையும் வருவோர் செலுத்தும் கட்டணத்தையும் கொண்டு பேணி வருவது. அதனுள் இரவு தங்குவோருக்கென ஒதுக்கப்பட்ட பகுதி கேம்ப்கிரவுண்ட், அதாவது முகாம் வளாகம்; அவ்வளாகத்தில் ஒரு குடும்பத்துக்கெனப் பிரித்து எண்ணிட்டுத் தரப்படும் துண்டு நிலத்தை இக்கட்டுரை முகாம் மனை என்று குறிக்கிறது. டிராவல் டிரெய்லர் என்பது தனக்கென எந்திரம் இல்லாமல், காரின் அல்லது பிக்கப் வண்டியின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும், படுக்கையும் அடுப்பும் பெரும்பாலும் கழிப்பறையும் உள்ள சிறு வீடு.

மாநிலப் பூங்காக்கள் முகாம் போட்டுத் தங்குவதற்காகத் தோன்றியவை அல்ல. 1864 ஜூன் 30 அன்று ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் யோசமிட்டிப் பள்ளத்தாக்கையும் மாரிபோசா மரத்தோப்பையும் மக்கள் பயன்பாட்டுக்கென்று கலிபோர்னியா மாநிலத்தின் பொறுப்பில் விட்டது. அந்நிலம் 1906 இல் நடுவண் அரசிடமே திரும்பிச் சென்றது. நியூயார்க் மாநிலம் 1885 இல் நயாகரா அருவியின் கரையைக் காப்பிடமாக்கியதற்குக் காரணம், அருவியைக் காணும் இடங்களையெல்லாம் தனியார் ஆலைகளும் வேலிகளும் மறைத்துவிட்டிருந்தமையே. மினசோட்டா 1891 இல் மிசிசிப்பி ஆற்றின் ஊற்றுக்கண்ணான இட்டாஸ்கா ஏரியைச் சுற்றியுள்ள காட்டையும், கலிபோர்னியா 1902 இல் பிக் பேசின் என்னும் இடத்திலிருந்த தொன்மையான ரெட்வுட் காட்டையும் மரவெட்டிகளிடமிருந்து காப்பாற்றின. இவற்றை உருவாக்கியவர்களின் மனத்தில் இருந்தவை அருவியும் மரமும் ஏரியுமே. இரவில் தங்கும் குடும்பம் அவர்கள் திட்டத்தில் ஓரமாகவே இருந்தது, சக்கர வீடோ அப்போது பிறக்கவே இல்லை.

பூங்காவை மக்களின் அன்றாட வாழ்வோடு இணைத்தவர்களுள் இண்டியானா மாநிலத்தின் ரிச்சர்டு லீபர் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். ஜெர்மனியில் பிறந்து இண்டியானாபொலிஸ் நகரில் குடியேறிய அவர், மாநிலம் தோன்றிய நூற்றாண்டு விழா ஆண்டான 1916 இல் மெக்கார்மிக்ஸ் கிரீக், டர்க்கி ரன் ஆகிய இரு பூங்காக்கள் அமைய முன்னின்றார். வாயிலில் பத்து சென்ட் நுழைவுக் கட்டணம் பெற்று அதைப் பூங்காவின் பராமரிப்புக்கே செலவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. பயன்படுத்துவோரும் செலவில் பங்கேற்க வேண்டும் என்ற அந்த எண்ணமே பின்னாளில் மனைக்கு இவ்வளவு, மின் இணைப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் பிரிந்து வளர்வதற்கு முன்னோடியாயிற்று.

நிலைமையைத் தலைகீழாக்கியது மோட்டார் கார். ஃபோர்டு நிறுவனம் 1908 இல் வெளியிட்ட மாடல் டி கார், 1913 முதல் நகரும் தொடர்வரிசை முறையில் உற்பத்தி செய்யப்பட்டு, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் குறைந்த விலைக்கு வந்துவிட்டதால், உழவரும் ஆலைத் தொழிலாளரும் கூட வாரக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்பினர். விடுதிச் செலவைத் தவிர்க்க அவர்கள் காரின் பக்கவாட்டில் கித்தான் துணியைக் கட்டிச் சாலையோரத்திலும் பள்ளிக்கூட முற்றத்திலும் வயல் வரப்பிலும் தங்கினர். வேலி உடைவதும் கிணறு அசுத்தமாவதும் கண்டு நில உரிமையாளர்கள் சினந்தபோது, நகராட்சிகள் தாமே இடம் ஒதுக்கித் தண்ணீரும் கழிப்பறையும் விளக்கும் தந்தன. டென்வர் நகரின் ஓவர்லேண்ட் பூங்கா 160 ஏக்கரில் சுமார் 800 மனைகளுடன் இத்தகைய முகாம்களுள் பெரியதாக விளங்கியது. சத்திரம் என்னும் அறநிலையை அறிந்த தமிழ் வாசகர் இதை அவ்வகையில் சேர்க்கக்கூடும். ஆனால் இங்கே உந்துவிசை அறம் அன்று, தங்குவோர் கடைத்தெருவில் செலவிடும் பணமே. அதனால்தான் கையில் காசில்லாத வேலை தேடிகளும் வரத் தொடங்கியதும் பல நகரங்கள் 1920களின் நடுவில் கட்டணம் விதித்தன, சில முகாமையே மூடின. புளோரிடாவின் டாம்பா நகரில் 1919 இல் தொடங்கிய டின் கேன் டூரிஸ்ட்ஸ் என்னும் பயணிகள் சங்கத்தார் தகர டப்பாவைக் காரின் முகப்பில் அடையாளமாகப் பொருத்திக்கொண்டு திரிந்ததும் இக்காலத்திலேதான். 1925 இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் மோட்டல் என்ற பெயரோடு முதல் சாலையோர விடுதி திறக்கப்பட்டது. வசதி நாடியோர் அவ்வகை விடுதிகளுக்குப் போய்விட, மரத்தடியில் தங்குவதையே விரும்பிய குடும்பங்களின் பார்வை மாநிலப் பூங்காக்கள்மேல் விழுந்தது.

தேசியப் பூங்காப் பணித்துறையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர் இதை முன்பே உணர்ந்திருந்தார். அழகான இடமெல்லாம் தேசியப் பூங்காவாக வேண்டும் என்று நாடெங்கிலுமிருந்து வந்த கோரிக்கைகளை நடுவண் அரசால் ஏற்க முடியாது என்பதும், காரில் வரும் கூட்டத்தை ஏந்திக்கொள்ள ஒவ்வொரு மாநிலத்திலும் பூங்காக்கள் வேண்டும் என்பதும் அவர் கருத்து. 1921 ஜனவரியில் அயோவாவின் டிமாயின் நகரில் கூடிய மாநிலப் பூங்காக்கள் பற்றிய தேசிய மாநாடு அம்முயற்சியின் விளைவு. 1928 இல் கலிபோர்னிய வாக்காளர்கள் பூங்கா நிலம் வாங்க 60 இலட்சம் டாலர் கடன்பத்திரத்துக்கு ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் ஒப்புதல் அளித்தனர்.

நிலம் கிடைத்தது, ஆனால் அந்நிலத்தில் வந்து தங்கியோர் எதைத் தேடி வந்தனரோ அதையே தம்மையறியாமல் கொன்றுகொண்டிருந்தனர். இதை முதன்முதலில் அறிவியல் முறையில் நிறுவியவர் எமிலியோ மைனெக்கே. அவர் தோட்டக்கலைஞரோ கட்டடக் கலைஞரோ அல்லர். நடுவண் வேளாண் துறையைச் சேர்ந்த, தாவர நோய்களை ஆராயும் அறிஞர். கலிபோர்னியாவின் ரெட்வுட் பூங்காக்களில் பெருமரங்கள் நலிவது ஏன் என்று கண்டறியுமாறு 1920களின் பிற்பகுதியில் அவரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. ரெட்வுட் என்பது தமிழகக் காடுகளில் வளரும் செம்மரம் அன்று. முந்நூறு அடிக்கு மேலும் உயர்ந்து, ஆயிரம் ஆண்டைக் கடந்தும் வாழும் ஊசியிலை மரம். அத்தனை உயரமான மரத்துக்கு ஆணிவேர் கிடையாது என்பதே இங்கு முக்கியம். அதன் வேர்கள் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் நூறடி வரை படர்ந்து, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டே மரத்தைத் தாங்குகின்றன. நீரையும் உணவையும் உறிஞ்சும் மெல்லிய சல்லிவேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

அம்மேல்மண்ணின்மீது கார்கள் விருப்பம்போல ஓடின. மக்கள் மரத்தின் அடியை ஒட்டியே கூடாரம் அடித்தனர், அடுப்பு மூட்டினர், நாள்தோறும் புதுப்புது ஒற்றையடிப் பாதைகளை மிதித்து உண்டாக்கினர். இலைச்சருகின் மெத்தை தேய்ந்து தூளானது. அடியில் இருந்த பஞ்சு போன்ற மண் அழுந்தி, காற்றும் நீரும் புகும் நுண்துளைகள் அடைபட்டன. சல்லிவேர்கள் மூச்சு முட்டிச் சாக, முதலில் தரையோரப் பெரணிகளும் புதர்களும் மறைந்தன; அவை மறைந்தபின் வெட்டவெளியான மண்ணின்மீது இன்னும் எளிதாகக் கார்கள் ஏறின; கடைசியாகப் பெருமரத்தின் உச்சி காயத் தொடங்கியது. நோய்க்கிருமியோ பூச்சியோ காரணம் அல்ல, மரத்தைப் பார்க்க வந்த அன்பே காரணம் என்று காட்டியதுதான் அவ்வாய்வின் பெருமை. மரம் சாவதற்குப் பல ஆண்டுகள் ஆவதால் குற்றமும் விளைவும் ஒரே தலைமுறையினர் கண்ணில் சேர்ந்து படுவதில்லை என்பதையும் அது உணர்த்தியது.

அக்காலத்து அதிகாரிகளுக்குத் தெரிந்த தீர்வு, தேய்ந்த வளாகத்தைக் கைவிட்டு வேறிடத்துக்கு மாற்றுவது. அழிவை இடம் மாற்றிப் பரப்புவதே அது என்று மைனெக்கே மறுத்தார். 1932 இல் நடுவண் காட்டுத்துறைக்காக அவர் எழுதிய முகாம் வளாகக் கொள்கை அறிக்கை வேறொரு வழியைக் கூறியது: ஒரு பகுதி நிலத்தை மட்டும் மனிதனுக்கென்று முழுமையாக ஒதுக்கி, எஞ்சியதை முழுமையாக அவனிடமிருந்து காப்பது. அதற்காகச் சாலையை ஒருவழி வளையமாக்கினார், ஏனெனில் ஒருவழிச் சாலைக்கு அகலம் குறைவாகவே போதும், எதிரே வரும் வண்டிக்காக ஒதுங்கி எவரும் புதரில் ஏற வேண்டியதில்லை. அவ்வளையத்திலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாய்வான சிறு கிளைவழி ஒன்று பிரிந்து, காரை அதிலேயே நிறுத்தச் செய்தது. மேசையும் அடுப்பும் கூடாரத் தரையும் நகர்த்த முடியாதபடி நிலையாக அமைக்கப்பட்டன. மக்கள் எங்கே நடப்பார்கள் என்பதை மேசைக்கும் அடுப்புக்கும் காருக்கும் இடையிலுள்ள தொலைவே தீர்மானிக்கும் என்பதை அவர் நுட்பமாக அறிந்திருந்தார். தடைப்பலகைக்குப் பதிலாகப் பாதி புதைத்த பாறைகளும் கிடைமரங்களும் சக்கரத்தைத் தடுத்தன, மனைக்கும் மனைக்கும் இடையே விடப்பட்ட புதர் திரையாக நின்று தனிமையையும் தந்தது. இன்று ஒரு தாய் தன் பிள்ளைகளை ஒருவழி வளையச் சாலையில் மிதிவண்டி ஓட்ட விட்டுவிட்டு, புதர்மறைவில் அமைதியாகச் சமைக்க முடிகிறதென்றால், அந்த அமைதி சல்லிவேர்களைக் காக்க வகுத்த திட்டத்தின் உடன்விளைவு. இந்த உண்மை பரவலாக அறியப்படாமலிருப்பது வருத்தத்துக்குரியது.

திட்டம் தாளிலேயே நின்றிருக்கக்கூடும். அதை மண்ணில் எழுதியது பெரும் பொருளாதார வீழ்ச்சி. 1933 இல் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் தொடங்கிய, சி.சி.சி. என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் இயற்கைக் காப்புப் படை, வேலையற்ற இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்து, மாதம் 30 டாலர் ஊதியம் தந்து, அதில் 25 டாலரை அவர்கள் குடும்பத்துக்கு அனுப்பியது. 1942 இல் கலைக்கப்படும் வரை சுமார் 30 இலட்சம் பேர் அதில் பணியாற்றினர். மாநிலங்கள் நிலத்தைக் கொடுக்க, தேசியப் பூங்காப் பணித்துறையின் வல்லுநர்கள் திட்டம் வரைய, இவ்விளைஞர்கள் நூற்றுக்கணக்கான மாநிலப் பூங்காக்களில் சாலையும் கல் அடுப்பும் மரக்குடிலும் அமைத்தனர். டெக்சஸின் பாஸ்ட்ராப், கார்னர் போன்ற பூங்காக்களில் அவர்கள் கைவேலை இன்றும் காணக் கிடைக்கிறது; அதுவரை மாநிலப் பூங்கா அமைப்பே இல்லாதிருந்த வர்ஜீனியா, 1936 ஜூன் 15 அன்று ஒரே நாளில் ஆறு பூங்காக்களைத் திறந்தது. மைனெக்கேயின் வளையமும் கிளைவழியும் நாடு முழுவதும் ஒரே அச்சில் பரவியது இப்படித்தான்.

அந்த அச்சு உலர்வதற்குள் டிரெய்லர் வந்து நின்றது. ஆர்தர் ஷெர்மன் என்னும் டெட்ராய்ட் நுண்ணுயிரியலாளர், தம் குடும்பத்துக்காக வாங்கிய மடிப்புக் கூடார வண்டி மழையில் பயன்படாமல் போகவே, கெட்டியான சுவருள்ள பெட்டி வண்டியைத் தாமே வடிவமைத்தார்; 1930 இல் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைக்கப்பட்ட அது, கவர்டு வேகன் என்ற பெயரில் 1930களின் நடுவில் நாட்டிலேயே மிகுதியாக விற்ற டிரெய்லராயிற்று. வாலி பையம் 1936 இல் அலுமினியத் தகட்டால் ஆன ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரை 1,200 டாலர் விலையில் வெளியிட்டார்; அதற்கு முன்பே ஹாலி பௌலஸ் என்னும் விமான வடிவமைப்பாளர் விமான உடல் போன்ற உலோக டிரெய்லரைச் செய்திருந்தார். இண்டியானாவின் எல்க்ஹார்ட் நகரம் இத்தொழிலின் மையமாக உருவானதும் இதே பத்தாண்டில். இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்கரில் பாதிப்பேர் சக்கர வீட்டில் வாழ்வர் என்று ரோஜர் பாப்சன் என்னும் பொருளியல் கணிப்பாளர் முன்னுரைத்தார். அது பொய்த்தாலும், அன்றைய வேகம் எத்தகையது என்பதற்கு அதுவே சான்று.

மைனெக்கே இதைக் கண்டு கலங்கினார். 1935 இல் அவர் எழுதிய அறிக்கையின் தலைப்பே டிரெய்லர் என்னும் அச்சுறுத்தல் என்று பொருள்படும். அவர் அச்சத்தை வடிவியலால் விளங்கிக்கொள்ளலாம். அவருடைய கிளைவழி, கார் முன்னோக்கி நுழைந்து பின்னோக்கி வெளிவருவதற்கேற்ப, போகும் திசையை நோக்கிச் சாய்ந்திருந்தது. டிரெய்லரை இழுத்து வருபவரோ மனையைக் கடந்து சென்று நின்று, பின்னோக்கி நுழைய வேண்டும். அதற்குச் சாய்வு எதிர்த்திசையில் இருக்க வேண்டும். மேலும் கொக்கியில் இணைந்த இரண்டு வண்டிகளில், முன்வண்டியின் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் பின்வண்டி மறுபக்கம் ஒடிவதால், பழகாதவர் நான்கைந்து முறை முன்னும் பின்னும் செல்ல நேரும். ஒவ்வொரு முறையும் சக்கரம் கிளைவழியின் விளிம்பைத் தாண்டி வேரின்மேல் ஏறும். ஆகவே டிரெய்லருக்கு அகன்ற சாலையும் நீண்ட கிளைவழியும் தேவை, அவற்றுக்காக வெட்டப்பட வேண்டியவையோ அவர் காக்க முயன்ற மரங்களே.

எனினும் வந்த வெள்ளத்தை வராதே என்று சொல்ல இயலவில்லை. தேசியப் பூங்காப் பணித்துறைக்காக ஆல்பர்ட் குட் 1938 இல் தொகுத்த மூன்று தொகுதிப் பூங்காக் கட்டமைப்பு நூலில் டிரெய்லருக்கான மனை வரைபடங்கள் இடம்பெற்றுவிட்டன. பின்னோக்கி நுழையும் கிளைவழி ஒரு வகை. சாலைக்கு இணையாக வளைந்து, நுழைந்த திசையிலேயே வெளியேறும் வழி மற்றொரு வகை. இன்று பேக்-இன் என்றும் புல்-துரூ என்றும் பதிவுப் பக்கங்களில் காணப்படும் இரு சொற்களின் வேர் இங்கே இருக்கிறது. பின்னது ஓட்டுநருக்கு எளிது, நிலத்துக்குச் செலவு மிகுதி. ஆதலால்தான் மாநிலப் பூங்காக்களில் அது அரிதாகவும் நெடுஞ்சாலையோரத் தனியார் முகாம்களில் மிகுதியாகவும் இருக்கிறது. அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் இடப்புறம் அமர்வதால், சாலையின் இடப்பக்கமுள்ள மனைக்குள் பின்னோக்கி நுழைவது எளிது என்பதையும் புதிதாக டிரெய்லர் வாங்கிய குடும்பம் கருத்தில் கொள்ளலாம்.

குடும்பம் என்று பொதுவாகச் சொல்லும்போது எந்தக் குடும்பம் என்ற கேள்வியை இவ்வரலாறு மறைக்கக் கூடாது. தென்மாநிலங்களில் இந்தப் பூங்காக்கள் நெடுங்காலம் வெள்ளையருக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. அவற்றைக் கட்டிய சி.சி.சி. இளைஞர்களுள் கறுப்பினத்தவரும் இருந்தனர், ஆனால் பெரும்பாலும் தனி முகாம்களில் பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். வட கரோலினாவில் ஜோன்ஸ் ஏரிப் பூங்கா 1939 இல் கறுப்பின மக்களுக்கெனத் தனியே திறக்கப்பட்டது. வர்ஜீனியாவில் ஸ்டான்டன் ரிவர் பூங்காவில் நுழைவு மறுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவர் வழக்குத் தொடுத்த பின்பே, 1950 இல் பிரின்ஸ் எட்வர்டு ஏரியருகே அவர்களுக்கென்று ஒரு பூங்கா அமைந்தது. எல்லாவற்றிலும் கொடியது தென் கரோலினாவின் செயல்: பூங்காக்களை அனைவருக்கும் திறக்க வேண்டும் என்று நடுவண் நீதிமன்றம் ஆணையிட்டபோது, அம்மாநிலம் 1963 இல் தன் பூங்காக்கள் அனைத்தையும் மூடிவிட்டது, 1964 இல் ஓரளவும் 1966 இல் முழுமையாகவும் திறந்தது. வளாகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே பல குடும்பங்களுக்கு ஓர் உரிமையாக மாறியது குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறிய 1964 க்குப் பின்னர்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது டிரெய்லர்கள் ஆயுத ஆலைத் தொழிலாளர்களின் குடியிருப்பாயின. போருக்குப் பின் அத்தொழில் இரண்டாகப் பிரிந்தது: ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதற்கான, சாலை விதி அனுமதித்த எட்டடி அகலத்தை மீறிய மொபைல் ஹோம் ஒரு புறமும், எளிதில் இழுத்துச் செல்லத்தக்க டிராவல் டிரெய்லர் மறுபுறமும் வளர்ந்தன. 1956 இல் இயற்றப்பட்ட சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலை வலையமைப்புக்கு வழிகோலியதும், முன்பு இரண்டு நாள் தொலைவிலிருந்த பூங்கா வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு இரவுக்குள் சேரக்கூடியதாயிற்று.

தேசியப் பூங்காக்களுக்கும் மாநிலப் பூங்காக்களுக்கும் இடையே இன்று தெளிவாகத் தெரியும் வேறுபாடு இக்காலத்தில்தான் உறைந்தது. தேசியப் பூங்காப் பணித்துறை தன் வளாகங்களுக்குள் மின் இணைப்பும் குழாய் இணைப்பும் கொடுப்பதற்குப் பெரும்பாலும் இசையவில்லை. மாநிலங்களோ தம் வாக்காளர்களின் விருப்பத்துக்கும் தம் வருவாய்த் தேவைக்கும் செவிசாய்த்து, மனைதோறும் மின்கம்பம் நட்டன. அதற்கான பணத்தில் கணிசமான பங்கு, நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின்கீழ் 1965 முதல் கிடைத்தது. மாநிலம் ஒரு டாலர் செலவிட்டால் நடுவண் அரசு ஒரு டாலர் தரும் ஏற்பாடு அது. 1962 இல் மான்டனாவின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கே.ஓ.ஏ. போன்ற தனியார் முகாம் தொடர்களின் போட்டியும் மாநிலங்களை இத்திசையில் தள்ளியது.

மின் இணைப்பின் அளவு வண்டியின் வளர்ச்சியையே பிரதிபலிக்கிறது. ஒரு விளக்கும் வானொலியும் மட்டும் இருந்த வண்டிக்கு எந்த இணைப்பும் போதுமானதாயிருந்தது. கூரைமேல் குளிர்சாதனம் ஏறியபின் 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது 3,600 வாட், பொதுவான அளவாயிற்று. குளிர்சாதனம் இரண்டாகவும் அவற்றோடு மின்சார வெந்நீர்க் கொதிகலனும் சேர்ந்த பெரிய வண்டிகளுக்கு, இரு மின்கம்பிகள் வழியே மொத்தம் 12,000 வாட் தரும் 50 ஆம்பியர் இணைப்பு வேண்டியதாயிற்று. கழிவுநீரைப் பொறுத்தவரை மாநிலங்கள் நடுவழியைத் தேர்ந்தன. பாத்திரமும் உடலும் கழுவிய நீரை ஒரு தொட்டியிலும் கழிப்பறை நீரை மற்றொரு தொட்டியிலும் வண்டியே சேர்த்து வைத்துக்கொள்வதால், மனைதோறும் சாக்கடைக் குழாய் தோண்டி வேர்களை அறுக்காமல், வளாக வாயிலருகே டம்ப் ஸ்டேஷன் எனப்படும் ஒரே கழிவுநீர் நிலையத்தை அமைத்தால் போதும் என்று பல பூங்காக்கள் முடிவுசெய்தன. ஞாயிறு காலையில் அங்கே வரிசையில் நிற்க நேர்வதைக் குறைகூறும் பயணி, அவ்வரிசை எத்தனை மரங்களின் விலை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வந்தவர்க்கு வந்த வரிசையில் என்ற பழைய முறை, கூட்டம் பெருகியபின் முன்பதிவுக்கு இடம்விட்டது. இன்று கலிபோர்னியாவில் ஆறு மாதங்களுக்கு முன்பும் நியூயார்க்கில் ஒன்பது மாதங்களுக்கு முன்பும் பதிவு திறக்கிறது. புளோரிடா 2024 முதல் தன் மாநிலத்தவர்க்குப் பதினொரு மாதமும் வெளியார்க்குப் பத்து மாதமும் என்று வரையறுத்தது, மாநிலப் பூங்கா முதலில் யாருடையது என்ற பழைய கேள்விக்கு அது தந்த விடையாகும். நேரில் பார்த்து மனையைத் தேர்ந்த காலம் போய், எண்களைப் பார்த்துத் தேரும் காலம் வந்துவிட்டதால், அவ்வெண்களின் பொருளை அறிவது முன்னெப்போதையும்விடத் தேவையாயிற்று. அவற்றுள் தலையாயது நீளம். 1930களின் டிரெய்லர்கள் பல 20 அடியை ஒட்டியவை. இன்றைய குடும்ப வண்டிகள் 25 முதல் 35 அடி வரை நீள்கின்றன, சிலவற்றின் பக்கச் சுவர்கள் நின்றபின் வெளியே விரியவும் செய்கின்றன. 30 அடி டிரெய்லரோடு இழுக்கும் பிக்கப் வண்டியையும் சேர்த்தால் ஐம்பது அடியாகிறது. பூங்கா குறிப்பிடும் நீளம் டிரெய்லருக்கு மட்டுமா, இரண்டுக்கும் சேர்த்தா என்று தெளிவாக்கிக்கொள்ளாமல் பதிவுசெய்யும் குடும்பம், சி.சி.சி. காலத்து வளையத்தின் முதல் திருப்பத்திலேயே சிக்கிக்கொள்ளும். பழைய வளையங்களுக்கு விதிக்கப்பட்ட நீள வரம்பை அலுவலகப் பிடிவாதம் என்று கொள்வது தவறு. அது மைனெக்கே வரைந்த எல்லைக்கோடு, அதை மதிப்பதே முறை. நீண்ட வண்டியுடையோர்க்கு 1960களுக்குப் பின் அமைந்த அகன்ற வளையங்கள் உள்ளன. அங்கே நிழல் குறைவு, அக்குறையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த வரலாறு தொடங்கிய ரெட்வுட் காட்டில் 2020 ஆகஸ்டில் மின்னலால் மூண்ட பெருந்தீ, பிக் பேசின் பூங்காவின் பெரும்பகுதியைச் சுட்டது. தலைமையகமும் முகாம் வளாகக் கட்டடங்களும் சாம்பலாயின. பெருமரங்களில் பெரும்பாலானவை கரிந்த அடிமரத்திலிருந்தே துளிர்விட்டுப் பிழைத்தன. 2022 ஜூலையில் பகல்நேர வருகைக்கு மட்டும் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. மறுகட்டமைப்புக்காகக் கலிபோர்னிய அரசு வகுத்த திட்டம், வரவேற்பு நிலையத்தையும் வண்டி நிறுத்துமிடத்தையும் பழங்காட்டுக்கு வெளியே சேடில் மவுண்டன் பகுதிக்கு மாற்றி, பெருமரங்களின் வேர்ப்பரப்பில் மீண்டும் கட்டடம் எழுப்புவதைத் தவிர்க்கிறது.